அயர்லாந்திலிருந்து கப்பலேறிய மூதாதையரைத் தேடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

1892 ஜனவரி 1. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்ட நாள். அன்று முதல் ஆளாகப் பதிவானவர் அயர்லாந்தின் கார்க் நகரைச் சேர்ந்த ஆனி மூர். இரண்டு தம்பிகளோடு 'நெவாடா' கப்பலில் வந்து இறங்கியிருந்தார். அதிகாரிகள் 10 டாலர் தங்கக் காசு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவருக்கு வயது 15 என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் 17.

அப்புறம் ஆனி என்ன ஆனார்? டெக்சாஸ் பக்கம் போய்க் கல்யாணம் செய்துகொண்டார், கடைசியில் டிராம் வண்டியில் அடிபட்டு இறந்தார் என்றுதான் பல வருடங்களாக எல்லோரும் நம்பினார்கள். அந்த டெக்சாஸ் குடும்பத்தின் வாரிசுகளை விழாக்களுக்கு அழைத்துக் கௌரவித்தார்கள். மேகன் ஸ்மோலன்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் பழைய ஆவணங்களைப் புரட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. டெக்சாஸ் ஆனி மூர் பிறந்தது இல்லினாய் மாநிலத்தில். அவர் அட்லாண்டிக்கைக் கடந்தவரே இல்லை. உண்மையான ஆனியோ நியூயார்க்கை விட்டு எங்கும் போகவில்லை. கீழ் மன்ஹாட்டன் குடியிருப்புகளிலேயே வாழ்ந்து, ஜெர்மானியக் குடும்பத்துப் பையன் ஒருவரை மணந்து, பிள்ளைகள் பலரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்து, 1924இல் இறந்தார். குயின்ஸ் பகுதியிலுள்ள கால்வரி கல்லறைத் தோட்டத்தில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் கிடந்த அவருடைய கல்லறைக்கு 2008இல்தான் கல் நட்டார்கள்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆனி மூர் என்ற பெயரை மட்டும் துரத்தியிருந்தால் ஆயுள் முழுக்கத் துரத்திக்கொண்டே இருக்கலாம். அந்தப் பெயரில் அத்தனை பெண்கள் இருந்தார்கள். ஸ்மோலன்யாக் 2006இல் இணையத்தில் 1,000 டாலர் பரிசு அறிவித்து உதவி கேட்டார். அப்போது மாநகர ஆவணத்துறை ஆணையராக இருந்த பிரையன் ஆண்டர்சன், கூட வந்த தம்பி பிலிப்பின் குடியுரிமைச் சான்றிதழைத் தேடி எடுத்தார். 1930 சென்சஸில் பிலிப்புக்கு அன்னா என்றொரு மகள் இருந்தார். அன்னாவின் இறப்புப் பதிவு வழியாக அவருடைய மகனைப் பிடித்தார்கள். அங்கிருந்து ஆனியின் கதை முழுசாகக் கிடைத்தது.

அக்காவைக் கண்டுபிடிக்கத் தம்பியைத் தேடினார்கள். அதுவும் அயர்லாந்தில் தேடவில்லை, அமெரிக்காவில் தேடினார்கள். இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவதும் பெரும்பாலும் இதுதான். அயர்லாந்து ஆவணங்களைத் திறப்பதற்கு முன், உங்கள் ஆள் வந்து இறங்கிய நாட்டில் அவரைப் பற்றியும் அவருடைய சுற்றத்தைப் பற்றியும் இருக்கிற காகிதம் அத்தனையையும் புரட்டி முடித்துவிடுங்கள். காரணம் எளிது. அயர்லாந்தின் பழைய ஆவணங்கள் ஊர்வாரியாக இருக்கின்றன. ஊர் தெரியாமல் ஜான் மர்ஃபி என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து விழும். அந்த ஊர்ப் பெயரோ பெரும்பாலும் அவர் போய்ச் சேர்ந்த இடத்தில், புரூக்ளினிலோ பாஸ்டனிலோ சிட்னியிலோ இருக்கும் ஏதோ ஒரு கல்லறைக் கல்லில் எழுதியிருக்கும்.

தமிழர்களில் யார் இதைத் தேடப்போகிறார்கள் என்று கேட்கலாம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கல்யாணம் முடித்த நம் பிள்ளைகளின் சம்பந்தி வீடுகளில் ஐரிஷ் வேர் சகஜம். பேரப்பிள்ளை பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொல்கிறார்கள்; ஒரு பாதி நமக்குத் தெரியும், மறுபாதிக்கு இப்படித்தான் தேட வேண்டும். சென்னையின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சிலவற்றுக்கு இது சொந்த வீட்டுக் கதை. அவர்களுக்கானதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

முதல் படி: வீட்டில் இருப்பதைச் சேகரியுங்கள்

இன்றைக்கு உயிரோடு இருப்பவரில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். நடுவில் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்தால் வேறு யாருடைய குடும்பத்திலாவது போய் நிற்பீர்கள். பெரியவர்களிடம் பேசும்போது "உங்கள் தாத்தா எந்த ஊர்?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். யார் கல்யாணத்துக்கு யார் வந்தார்கள், கிறிஸ்துமஸுக்கு எந்த ஊரிலிருந்து கடிதம் வரும், எந்தக் கோயிலில் திருப்பலி, யாரை யார் "கசின்" என்று கூப்பிட்டார்கள் என்றெல்லாம் கேளுங்கள். பழைய பைபிளின் முதல் பக்கங்கள், இறந்தவர் நினைவாகச் சர்ச்சில் கொடுக்கும் சின்ன ஜெப அட்டைகள், புகைப்படத்தின் பின்புறத்தில் இருக்கும் ஸ்டுடியோ முத்திரை எல்லாம் ஆவணங்களே.

"நாங்கள் கார்க் ஆட்கள்" என்று குடும்பத்தில் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அப்படியே நம்ப வேண்டாம். கார்க் என்பது அவர்கள் கப்பலேறிய துறைமுகமாக மட்டும் இருக்கலாம். பெயர் மாற்றங்களையும் மனதில் வையுங்கள். இன்றைய கோவ் துறைமுகம் 1849 முதல் 1920 வரை குயின்ஸ்டவுன். இன்றைய ஆஃபலி அன்று கிங்ஸ் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி); லீஷ் அன்று குயின்ஸ் கவுண்டி.

இரண்டாம் படி: வந்திறங்கிய நாட்டின் பதிவுகள்

அமெரிக்காவை வைத்தே சொல்கிறேன், பெருங்கூட்டம் போனது அங்கேதான். பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்த சென்சஸ்தான் முதுகெலும்பு. 1850இல்தான் வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரையும் எழுதத் தொடங்கினார்கள். 1880இல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பது சேர்ந்தது. எனக்குப் பிடித்தது 1900. பிறந்த மாதம், வருடம், எந்த ஆண்டு நாட்டுக்குள் வந்தார், கல்யாணமாகி எத்தனை வருடம், தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்று எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும். 1890 சென்சஸ் 1921இல் நடந்த தீ விபத்தாலும் அதன் பிறகான அழிப்பாலும் ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டது; அந்த இருபது வருட இடைவெளியை நகர முகவரிக் கையேடுகளையும் மாநிலக் கணக்கெடுப்புகளையும் கொண்டுதான் நிரப்ப வேண்டும். கடைசியாகத் திறந்துவிடப்பட்டது 1950 சென்சஸ், 2022இல்.

வயதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே பெண்ணுக்கு 1880இல் 30, 1900இல் 42 என்று இருப்பது சர்வசாதாரணம். பிறந்த நாள் கொண்டாடும் வழக்கமே இல்லாத கிராமத்திலிருந்து வந்தவர்கள், கேட்டவருக்கு ஒரு குத்துமதிப்பைச் சொன்னார்கள். ஐந்து வருடம் முன்பின் வைத்தே தேடுங்கள்.

அடுத்து பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றுகள். இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயரைச் சொன்னவர் மகனோ மருமகளோதான். அவர் தன் பாட்டியைப் பார்த்தே இருக்க மாட்டார், ஆகவே அதில் தவறு இருக்கலாம். திருமணச் சான்றில் மணமகனே சொல்வதால் நம்பகம் கூடுதல். நியூயார்க் நகரச் சான்றுகள் பலவற்றை மாநகர ஆவணக்காப்பகம் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. இது போன்ற தேடலுக்கு ஃபேமிலிசர்ச் தளம் இலவசம். ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் ஆகியவை கட்டணத் தளங்கள். இலவசமானவற்றை முடித்துவிட்டுப் பணம் கட்டுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

குடியுரிமைக் காகிதங்களில் 1906 செப்டம்பர் ஒரு பெரிய எல்லைக்கோடு. அதற்கு முன் எந்த நீதிமன்றத்திலும் மனுச் செய்யலாம், பெரும்பாலும் "அயர்லாந்து, விக்டோரியா ராணிக்கான விசுவாசத்தைத் துறக்கிறேன்" என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. ஆனாலும் சாட்சிக் கையெழுத்தைப் பாருங்கள், அது பலமுறை மைத்துனராகவோ ஊர்க்காரராகவோ இருக்கும். 1906க்குப் பிறகான படிவங்களில் பிறந்த தேதி, ஊர், கப்பல் பெயர் எல்லாம் வரும். 1922 வரை மனைவிக்குக் கணவன் வழியாகவே குடியுரிமை கிடைத்ததால் பெண்களின் பெயரில் தனிக் காகிதம் அரிது.

மூன்றாம் படி: சுற்றத்தாரைப் பிடியுங்கள்

பிலிப் மூர் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஐரிஷ்காரர்கள் சங்கிலியாக வந்தார்கள். ஒரு அக்கா வந்து வீட்டு வேலை பார்த்துப் பணம் சேர்த்து அடுத்தவருக்கு டிக்கெட் அனுப்பினார், அவர் அதற்கடுத்தவருக்கு. ஆகவே அதே தெருவில் இருப்பவர்கள், அதே வீட்டில் தங்கிய "போர்டர்" (வாடகைக்குத் தங்குபவர்) என்று எழுதப்பட்டவர்கள், குழந்தையின் ஞானத்தாய், ஞானத்தகப்பன், கல்யாணச் சாட்சிகள் எல்லோரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் கல்லறைக் கல்லில் ஊர்ப் பெயர் இல்லாமல் இருக்கலாம். அவருடைய கல்யாணமாகாத தம்பியின் மரண அறிவிப்பில் கவுண்டி, பாரிஷ் (சர்ச் பங்கு), கிராமம் என்று மூன்றும் இருக்கலாம்.

பெயர் வைக்கும் முறையும் உதவும். முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர்; முதல் மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாம் மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர் என்பது பரவலான வழக்கம். நம் வீடுகளிலும் இந்தக் கணக்கு பழக்கம்தானே. எல்லோரும் கடைப்பிடிக்கவில்லை என்பதால் இதை ஒரு துப்பாக வைத்துக்கொள்ளலாம், சான்றாக வைக்க முடியாது.

நான்காம் படி: ஊர்ப் பெயரைக் கண்டெடுங்கள்

தேடலின் கழுத்து இதுதான். இங்கே பலர் மாதக்கணக்கில் நிற்கிறார்கள். எங்கெங்கே பார்க்கலாம்?

கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்களில் "இன்ன கவுண்டி, இன்ன பாரிஷில் பிறந்தவர்" என்று கல்லில் வெட்டும் பழக்கம் இருந்தது. அமெரிக்கப் பங்குத்தந்தையர் சிலர் திருமணப் பதிவேட்டில் இருவரின் சொந்த ஊரையும் எழுதி வைத்தார்கள். சிவில் திருமணச் சான்று இருக்கிறதே என்று சர்ச் பதிவைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர் என்றால் வாஷிங்டன் தேசிய ஆவணக்காப்பகத்தில் ஓய்வூதியக் கோப்பு இருக்கலாம். விதவை தன் திருமணத்தை நிரூபிக்க வேண்டியிருந்ததால் அதில் கதை கதையாக வாக்குமூலங்கள் கிடைக்கும்.

பாஸ்டனிலிருந்து வந்த 'பைலட்' என்ற கத்தோலிக்க வார இதழ் 1831 முதல் 1921 வரை காணாமல்போன உறவினர்களைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. கால்வாய் வெட்டவும் ரயில்பாதை போடவும் போன அண்ணன்மாரைத் தங்கைகள் தேடினார்கள். முன்னால் போன கணவனை மனைவி தேடினாள். விளம்பரத்தைப் படிக்கிற ஊர்க்காரர் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதால் கவுண்டி, பாரிஷ், சில நேரம் கிராமம், கப்பலேறிய மாதம், கடைசியாக வேலை பார்த்த இடம் வரை எழுதினார்கள். பாஸ்டன் கல்லூரி இவற்றைத் தேடக்கூடிய தரவுத்தளமாக்கியிருக்கிறது.

நியூயார்க்காரர்களுக்கு இன்னொரு புதையல் உண்டு. 1850இல் தொடங்கிய எமிக்ரன்ட் சேவிங்ஸ் வங்கி. எழுதப் படிக்கத் தெரியாத வாடிக்கையாளர் நாளை பணம் எடுக்க வரும்போது அவர்தான் இவர் என்று எப்படித் தெரியும்? அதற்காகக் கணக்குத் தொடங்கும்போதே பிறந்த ஊர், பெற்றோர் பெயர், உயிரோடு இருக்கிறார்களா, கூடப்பிறந்தவர்கள் யார், எந்தக் கப்பலில் எப்போது வந்தார் என்று ஒரு புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். வங்கி கேட்ட அடையாளக் கேள்விகள் இன்றைக்கு வம்சாவளி ஆய்வாளருக்கு முழுக் குடும்ப அட்டையாகக் கிடைக்கின்றன. மூல ஏடுகள் நியூயார்க் பொது நூலகத்தில் உள்ளன.

கப்பல் பட்டியலைப் பற்றி இப்போதுதான் சொல்கிறேன். எல்லோரும் முதலில் ஓடுவது அதைத் தேடித்தான். ஆனால் 1820 முதல் இருக்கும் பழைய பட்டியல்களில் பெயர், வயது, தொழில், "அயர்லாந்து" என்பதோடு சரி. 1893க்குப் பிறகு கடைசியாக வசித்த இடமும் யாரிடம் போகிறார் என்பதும் சேர்ந்தன. 1907 முதல் ஊரிலிருக்கும் நெருங்கிய உறவினர் பெயரும் வரும். எல்லிஸ் தீவில் குமாஸ்தா பெயரை மாற்றிவிட்டார் என்ற குடும்பக் கதையை ஓரமாக வைத்துவிடுங்கள். கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் தயாரான பட்டியலை வைத்துத்தான் அங்கே சரிபார்த்தார்கள். பெயரைச் சுருக்கியதும் "ஓ" என்ற முன்னொட்டை விட்டதும் பின்னால் சேர்த்துக்கொண்டதும் பெரும்பாலும் குடும்பத்தாரே.

ஐந்தாம் படி: அயர்லாந்தின் நிலப் பிரிவுகளைப் புரிந்துகொள்ளுங்கள்

ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டது, சரி. அது எந்த மட்டத்து ஊர்? நம் பக்கம் மாவட்டம், வட்டம், பிர்கா, வருவாய் கிராமம் என்று இறங்குவது போல அங்கே கவுண்டி 32, அதற்குள் பாரனி, அதற்குள் சிவில் பாரிஷ், கடைசியில் டவுன்லாண்ட். டவுன்லாண்ட் என்பதில் டவுன் எதுவும் இருக்காது. சில வயல்களும் சில வீடுகளும் மட்டுமே இருக்கலாம். நாடு முழுக்க 60,000க்கு மேல் டவுன்லாண்டுகள் உண்டு. ஒரே பெயர் பல கவுண்டிகளில் வரும்.

சிக்கல் என்னவென்றால் கத்தோலிக்கப் பங்கின் எல்லையும் சிவில் பாரிஷின் எல்லையும் ஒன்றல்ல. பெயரும் வேறாக இருக்கும். போதாததற்கு 1838 முதல் பூர் லா யூனியன் என்று ஏழையர் நிவாரணத்துக்காக ஒரு பிரிவு போட்டார்கள். அது கவுண்டி எல்லையையே தாண்டும், பிறப்பு இறப்புப் பதிவு அந்த யூனியன்வாரியாகத்தான் நடந்தது. ஆகவே உங்கள் டவுன்லாண்ட் எந்த சிவில் பாரிஷ், எந்தக் கத்தோலிக்கப் பங்கு, எந்த யூனியன் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். லோகனிம் (logainm.ie) என்ற அரசு இடப்பெயர்த் தளத்தில் தேடலாம். அமெரிக்கக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயரை அப்படியே போட்டால் கிடைக்காது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, அதே ஒலி வரும் எழுத்துக்கூட்டல்களைப் போடுங்கள்.

ஆறாம் படி: எரிந்தது எது, எஞ்சியது எது

"அயர்லாந்து ஆவணமெல்லாம் எரிந்துபோச்சு" என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். பாதி உண்மை. 1922 ஜூன் 30 அன்று அயர்லாந்து உள்நாட்டுப் போரில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்திலிருந்த பொது ஆவண அலுவலகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையான நான்கு கணக்கெடுப்புகள், சில துண்டுகள் தவிர, அதில் போயின. உயில்களும், சர்ச் ஆஃப் அயர்லாந்து என்ற புராட்டஸ்டண்ட் சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேலும் அதோடு போயின. 1861 முதல் 1891 வரையானவை தீயில் போகவில்லை. அவற்றை அரசே வெவ்வேறு காலங்களில் அழித்துவிட்டது, கடைசி இரண்டை முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கினார்கள். கோபம் வருகிறது, என்ன செய்ய.

எஞ்சியவை என்னென்ன? சிவில் பதிவுகள் வேறு இடத்தில் இருந்ததால் தப்பின. கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் தப்பின. 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுசாக இருக்கின்றன. நில மதிப்பீடும் தசமபாக (சபைக்குக் கட்டும் வரி) ஏடுகளும் உள்ளன. 1926 கணக்கெடுப்பு ஏப்ரல் 18 அன்று எடுக்கப்பட்டது. அதன் 100 ஆண்டு ரகசியக் காலம் 2026 ஏப்ரலோடு முடிகிறது. வடக்கு அயர்லாந்தின் ஆறு கவுண்டிகள் அதில் வராது. எரிந்தவற்றுக்குப் பிரதிகளும் சுருக்கங்களும் உலகில் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கிருந்து திரட்டி இணையத்தில் வைக்கும் மெய்நிகர் ஆவணக் கருவூலம் ஒன்று 2022இல், தீ விபத்தின் நூற்றாண்டை ஒட்டித் தொடங்கியது. அதிலும் ஒரு தடவை பெயரைப் போட்டுப் பாருங்கள்.

ஏழாம் படி: பிறப்பும் திருமுழுக்கும்

1864 ஜனவரி 1 முதல் எல்லாப் பிறப்பும் இறப்பும் திருமணமும் அரசுப் பதிவுக்கு வந்தன. கத்தோலிக்கர் அல்லாதாரின் திருமணம் மட்டும் 1845 முதலே உண்டு. ஐரிஷ் ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் 100 ஆண்டு தாண்டிய பிறப்பு, 75 ஆண்டு தாண்டிய திருமணம், 50 ஆண்டு தாண்டிய இறப்புப் பக்கங்களின் படத்தையே இலவசமாகப் பார்க்கலாம். வடக்கு அயர்லாந்துக்கு பெல்ஃபாஸ்ட் பதிவு அலுவலகத்தின் தளம் தனி, கட்டணமும் உண்டு. பிறப்புப் பதிவில் டவுன்லாண்டும் தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் இருக்கும்.

1864க்கு முன் பிறந்தவர் என்றால் பங்குப் பதிவேடுதான். தேசிய நூலகம் 2015இல் ஏறத்தாழ 1880 வரையான கத்தோலிக்கப் பதிவேடுகளின் படங்களை இலவசமாக இணையத்தில் ஏற்றியது. நகரங்களில் 1700களிலேயே தொடங்கும் ஏடுகள் உண்டு. மேற்குக் கரையின் ஏழைப் பங்குகளில் பல 1800களின் நடுவில்தான் தொடங்குகின்றன. அதற்கு முன் அங்கே பெரும்பாலான குடும்பங்களுக்கு எழுத்தில் எதுவுமே கிடையாது, அதை ஏற்றுக்கொண்டு நகர வேண்டியதுதான்.

பல பதிவேடுகள் லத்தீனில் இருக்கும். ஒரு வரி இப்படித்தான் போகும்: தேதி, "யாக்கோபும்", அடுத்து "யோவானிஸ்" என்று தந்தை பெயரோடு மர்ஃபி, "மரியே" என்று தாய் பெயரோடு சல்லிவன், கடைசியில் ஞானப்பெற்றோர் இருவர். பையன் ஜேம்ஸ், அப்பா ஜான், அம்மா மேரி. குலியெல்மஸ் என்றால் வில்லியம், ஹொனோரா என்றால் நோரா. குடும்பப்பெயர் மட்டும் ஆங்கிலத்திலேயே இருக்கும், தாய்க்குப் பிறந்தவீட்டுப் பெயரையே போடுவார்கள். பெண்களின் பெயரில் இன்னும் கவனம் வேண்டும். ஊரில் பிரிஜெட்டாக இருந்தவர் அமெரிக்காவில் டீலியாவாகவோ பெஸ்ஸியாகவோ ஆகியிருப்பார். கல்யாணம் பெண் வீட்டுப் பங்கில் நடப்பதே வழக்கம், தலைப்பிள்ளைக்கு அங்கேயே திருமுழுக்குக் கொடுப்பதும் உண்டு. ஆகவே பக்கத்துப் பங்குகளையும் புரட்டுங்கள்.

எட்டாம் படி: 1901, 1911 கணக்கெடுப்புகள்

"எங்கள் ஆள் 1870லேயே போய்விட்டாரே, 1901 எதற்கு?" என்று விட்டுவிடாதீர்கள். அவருடைய அப்பாவோ தம்பியோ அதே வீட்டில் இருந்திருப்பார்கள். தேசிய ஆவணக்காப்பகத் தளத்தில் இரண்டும் இலவசம். தட்டச்சு செய்த தகவலோடு நிறுத்தாமல் மூலப் படிவத்தின் படத்தைத் திறங்கள்.

முதல் தாளில் வீட்டார் பெயர், உறவு, மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, வயது, தொழில், பிறந்த கவுண்டி, ஐரிஷ் மொழி பேசுவாரா என்று இருக்கும். கீழே குடும்பத் தலைவரின் கையெழுத்து. எழுதத் தெரியாதவருக்கு ஒரு பெருக்கல் குறி. 1911இல் கல்யாணமாகி எத்தனை வருடம், பிள்ளைகள் எத்தனை, உயிரோடு எத்தனை என்பதும் சேரும். அடுத்து வீட்டுத் தாள். கணக்கெடுத்த போலீஸ்காரர் வீட்டின் முன்னால் நின்று எழுதியது: சுவர் கல்லா மண்ணா, கூரை ஓடா வைக்கோலா, அறை எத்தனை, முன்பக்க ஜன்னல் எத்தனை. இதற்கெல்லாம் எண் போட்டுக் கூட்டி வீட்டை முதல் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை பிரித்தார்கள். மூன்றாவது தாளில் மாட்டுக் கொட்டில், பன்றிக் கொட்டில், கோழிக் கூண்டு. மண் சுவர், வைக்கோல் கூரை, முன்னால் இரண்டு ஜன்னல், இரண்டு அறை, ஒரு மாட்டுக் கொட்டில், உள்ளே எட்டுப் பேர் என்று படிக்கும்போது அந்தப் பிள்ளைகளில் யார் யார் கப்பலேறியாக வேண்டும் என்பது தானாகப் புரிந்துவிடும்.

ஒரு வேடிக்கை. 1901இல் 55 வயதானவருக்கு 1911இல் 70 ஆகியிருப்பதைப் பார்ப்பீர்கள். 1909 ஜனவரியில் 70 வயதானோருக்கு அரசு முதியோர் ஓய்வூதியம் தொடங்கியது. வயது அதற்கேற்ப ஓடியது. 1864க்கு முன் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்று இல்லாததால், வயதை நிரூபிக்க அப்போது எரியாமல் இருந்த 1841, 1851 கணக்கெடுப்புகளில் தேடித் தரும்படி விண்ணப்பித்தார்கள். அந்தத் தேடல் படிவங்கள் இன்றும் இருக்கின்றன. அதாவது அழிந்த கணக்கெடுப்பின் சில வரிகள் ஓய்வூதிய விண்ணப்பத்துக்குள் உயிரோடு இருக்கின்றன. மிகச் சிலரே இதைத் தேடுகிறார்கள், நீங்கள் தேடுங்கள்.

ஒன்பதாம் படி: நிலத்தின் வழியே

1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தைக் கண்ட தலைமுறைக்குக் கணக்கெடுப்பு இல்லை. அதற்கு மாற்று கிரிஃபித் மதிப்பீடு. வரி போடுவதற்காக ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847 முதல் 1864 வரை நாடு முழுக்க எடுத்தது. வரைபட எண், குடியிருப்பவர், யாரிடம் குத்தகை, வீடா நிலமா கொட்டிலா, பரப்பளவு, மதிப்பு என்று ஒரு வரி. குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே வரும். ஒரே டவுன்லாண்டில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் தந்தை பெயரையோ பட்டப்பெயரையோ அடைப்புக்குறிக்குள் போட்டுப் பிரித்திருப்பார்கள். கூலியாளாக அடுத்தவர் நிலத்து ஓரத்தில் குடிசை போட்டவர் பெயர் பலமுறை வராது. பஞ்சத்தில் முதலில் செத்ததும் ஓடியதும் அவர்கள்தான். 1841இல் 81 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1851இல் ஏறக்குறைய 65 லட்சமாகியிருந்தது.

இதைவிடச் சுவையானவை திருத்த ஏடுகள். மதிப்பீட்டுக்குப் பின் குத்தகைதாரர் மாறும்போதெல்லாம் பழைய பெயரை அடித்து, வேறு வண்ண மையில் புதுப் பெயரையும் வருடத்தையும் எழுதினார்கள். அப்பா பெயர் அடிக்கப்பட்டு மகன் பெயர் வந்த வருடம் அப்பாவின் இறப்பைக் காட்டும். யார் பெயரும் வராமல் நிலம் அடுத்த வீட்டுக்காரர் பெயருக்குப் போயிருந்தால் குடும்பமே கிளம்பிவிட்டது என்று ஊகிக்கலாம். வடக்கின் ஏடுகள் பெல்ஃபாஸ்ட் பொது ஆவண அலுவலகத் தளத்தில் உள்ளன, மற்றவை டப்ளினில். இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போக, 1823 முதல் 1837 வரையான தசமபாக ஏடுகள் உண்டு. கத்தோலிக்க விவசாயியும் அடுத்தவர் சபைக்கு வரி கட்ட வேண்டியிருந்த காலம், அதனால் அவர் பெயரும் அதில் இருக்கும்.

பத்தாம் படி: டிஎன்ஏ, கூடவே ஒரு எச்சரிக்கை

டிஎன்ஏ பரிசோதனை ஊர்ப் பெயரைச் சொல்லாது. ஆனால் உங்களோடு பொருந்தும் தூரத்து உறவினர் நாலைந்து பேரின் குடும்ப மரங்களில் ஒரே பாரிஷ் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே தேடலாம். குடும்பத்தில் உயிரோடு இருக்கும் மூத்த தலைமுறையைப் பரிசோதிப்பது நல்லது, அவர்களிடம் முன்னோரின் டிஎன்ஏ அதிகம். எதிர்பாராத உறவுகளும் வெளியே வரலாம் என்பதை முதலிலேயே அவர்களிடம் சொல்லி, சம்மதம் வாங்குங்கள்.

எச்சரிக்கை டெக்சாஸ் ஆனியைப் பற்றியது. ஒரே பெயரும் ஏறக்குறைய ஒரே வயதும் இருந்தால் ஒரே ஆள் என்று முடிவு கட்டாதீர்கள். இணையத்தில் மற்றவர் போட்டிருக்கும் குடும்ப மரத்தை நகலெடுக்காதீர்கள்; அதில் காட்டியிருக்கும் ஆவணத்தைப் போய்ப் பாருங்கள். அயர்லாந்தில் ஒரு திருமுழுக்குப் பதிவு கிடைத்ததும், அந்தக் குழந்தை வளர்ந்து அங்கேயே இறந்துவிடவில்லை, அங்கேயே கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதைச் சரிபார்த்த பிறகே அதை உங்கள் மரத்தில் சேருங்கள்.

வேறு திசையில் போனவர்கள்

கனடா வழிக் கட்டணம் குறைவு என்பதால் அமெரிக்கா போக நினைத்த பலரும் கியூபெக்கில் இறங்கினார்கள். அங்கே கிராஸ் தீவுத் தனிமை முகாமில் 1847இல் மட்டும் 5,000க்கு மேற்பட்டோர் புதைக்கப்பட்டார்கள். ஒருவர் சட்டென்று காணாமல் போனால் அந்தப் பட்டியலையும் பாருங்கள். ஆஸ்திரேலியாவுக்குப் போனவரின் சந்ததி அதிர்ஷ்டசாலிகள். கைதியாகப் போனாலும் அரசு உதவியில் போனாலும் பதிவு விரிவாக இருக்கும். இறப்புச் சான்றில் பெற்றோர் பெயரும் வரும். 1848 முதல் 1850 வரை அயர்லாந்தின் ஏழையர் இல்லங்களிலிருந்து 4,000க்கு மேற்பட்ட அனாதைப் பெண்களை அங்கே அனுப்பினார்கள், அவர்களுக்கென்றே தனித் தரவுத்தளம் உண்டு.

சென்னைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் சிப்பாய்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவே 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியனாக மாறியது. இவர்களைத் தேட லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்கள் வேண்டும். மதராஸ் ராஜதானியின் திருமுழுக்கு, திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் 1698 முதல் அங்கே உள்ளன, ஃபைண்ட்மைபாஸ்டில் இணையத்திலும் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் ராணுவத்தில் ஓய்வூதியம் பெற்றவர் என்றால் லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தின் பணிவிலகல் தாள்களில் பிறந்த பாரிஷும் அருகிலுள்ள நகரமும் எழுதியிருக்கும். அமெரிக்காவில் வருடக்கணக்கில் தேடும் அந்த ஊர்ப் பெயர் சிப்பாயின் பேரனுக்கு ஒரே தாளில் கிடைத்துவிடுகிறது.

நேரில் போவதென்றால்

திருத்த ஏட்டில் கடைசியாக இருக்கும் பெயரைக் குறித்துக்கொண்டு போங்கள். அவருடைய வாரிசு இன்றும் அந்த நிலத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். கிரிஃபித் வரைபடத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள், மனை எண்ணை வட்டமிட்டு வையுங்கள். பங்குத்தந்தைக்கு முன்கூட்டியே எழுதி, 1880க்குப் பிந்தைய பதிவேட்டைப் பார்க்க நேரம் கேளுங்கள். டவுன்லாண்டில் வீட்டு எண் இருக்காது, வழிகாட்டும் பலகையும் பெரும்பாலும் இருக்காது. தபால்காரரைக் கேட்டால் நேராகக் கொண்டுபோய் விடுவார். யாருடைய வயலுக்குள்ளும் கேட்காமல் இறங்காதீர்கள். நிலத்துக்கு உரிமை கேட்டு வந்தவரோ என்ற பயம் அங்கேயும் உண்டு. குடும்ப மரத்தின் நகல் இரண்டு மூன்று கையில் வைத்திருங்கள், அந்த வீட்டார் ஒன்றைக் கண்டிப்பாகக் கேட்பார்கள்.